கேரவனின் பின் பட்டையில் கை வைக்கும் முன்: ராமநாதபுரம் கடற்கரைச் சாலைகளில் ஓட்டுபவர்களுக்கு

வேனை கேரவனாக மாற்றியவர்கள் முதல் நீளப் பயணம் முடிந்து வந்ததும் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். பின்பக்கம் அமுங்கி நிற்கிறது, ஸ்பீடு பிரேக்கரில் தொம்மென்று அடிக்கிறது, காற்றடித்தால் ஆடுகிறது, பட்டை (லீஃப் ஸ்பிரிங்கின் இரும்புத் தகடு) சேர்க்கலாமா, ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கிற காற்றடைத்த ரப்பர் பை) போடலாமா, போட்டால் மைலேஜும் கூடுமாமே?

மைலேஜுக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடாது. வண்டி டீசல் குடிப்பது எடையால், டயர் உருளும் தடையால், முன்னால் மோதுகிற காற்றால், அப்புறம் ஓட்டுபவரின் வலது காலால். ஸ்பிரிங் இந்தக் கணக்கில் நேரடியாக வருவதே இல்லை. புதிதாகப் போடுகிற இரும்பு கொஞ்சம் எடையைக் கூட்டும், அவ்வளவுதான். ஆனால் பின் சஸ்பென்ஷன் கெட்டுப்போன வண்டியில் டயரும் அலைன்மென்ட்டும் (சக்கரங்கள் நிற்கிற கோணம்) கூடவே கெட்டிருக்கும், அவற்றைச் சரிசெய்தால் மைலேஜ் திரும்பி வரும், பெயரைப் பட்டை வாங்கிக்கொள்ளும். சொகுசு விஷயம் வேறு. அதில் நிஜமாகவே பெரிய வித்தியாசம் கிடைக்கும், ஆனால் செய்கிற வரிசை முக்கியம்.

முதல் வேலை எடைமேடை

எந்தக் கடைக்கும் போகும் முன் எடைமேடைக்குப் போங்கள். கரி, முண்டு மிளகாய், உப்பு லாரிகள் ஓடுகிற மாவட்டம் இது, எடைமேடைக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் டேங்க் நிறைத்து, டீசல் நிறைத்து, சிலிண்டர், பாத்திரம், மெத்தை, ஆட்கள் எல்லாம் ஏறிய நிலையில் போக வேண்டும், காலி வண்டியை எடை போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, முழு வண்டியையும் ஏற்றி இன்னொரு எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் பின் ஆக்சில் தாங்குகிற எடை வந்துவிடும். மேடைக்காரர் நல்ல மனநிலையில் இருந்தால் இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் ஏற்றியும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அடுப்பு, பிரிட்ஜ், பேட்டரி எல்லாம் ஒரே பக்கச் சுவரில் இருக்கிற வண்டிகள் நிறைய.

இந்த எண்களை ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடை வரம்போடும், கம்பெனி தகட்டில் ஆக்சிலுக்கான வரம்பு தனியாக இருந்தால் அதோடும் ஒப்பிடுங்கள். மேலே போயிருந்தால் எந்த ஸ்பிரிங்கும் அதைச் சரிசெய்யாது. பட்டை கூடினால் வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் ஆக்சில் அதே ஆக்சில், டயர் அதே டயர், பிரேக் அதே பிரேக். நிமிர்ந்து நிற்பதால் ஓவர்லோடு கண்ணுக்குத் தெரியாமல் போவது இன்னும் ஆபத்து.

எடையை இடம் மாற்றிப் பார்ப்பது

இதற்குச் செலவே கிடையாது, ஆனால் யாரும் செய்வதில்லை. 3.35 மீட்டர் வீல்பேஸ் (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் உள்ள தூரம்) உள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால், பின்கதவை ஒட்டி 100 லிட்டர் தண்ணீர் டேங்க் வைத்திருக்கிறீர்கள். அந்த 100 கிலோ பின் ஆக்சிலில் 130 கிலோவாக விழும், முன் ஆக்சிலிலிருந்து 30 கிலோவைத் தூக்கிவிடும். அதே டேங்கை இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில் வைத்தால் ஆளுக்கு 50 கிலோ. பின்னால் 80 கிலோ குறைந்துவிட்டது, ஸ்பேனரைத் தவிர வேறு செலவில்லை. பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் லேசானதால்தான் ஸ்டியரிங் மிதக்கிறது, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கிறது, எதிரில் வருகிறவர்கள் எல்லாரும் டிப் அடித்துக்கொண்டே வருகிறார்கள்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்ள மனசு வராமல் தவிப்பது எனக்கும் புரியும். கடலோர ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்புதான், குடிக்கிற தண்ணீரைக் கையோடு கொண்டுபோகத்தான் வேண்டும். ஆனால் பாத்திரம் கழுவுகிற, குளிக்கிற தண்ணீரையும் மதுரையிலிருந்தே சுமந்து வர வேண்டியதில்லை.

வண்டிக்குக் கீழே படுத்துப் பார்ப்பது

ஒரு டேப், ஒரு டார்ச், பழைய சாக்கு போதும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். முழுச் சுமையில் ஒரு தடவை, முடிந்தவரை இறக்கிவிட்டு ஒரு தடவை. இடம் வலம் வித்தியாசம் இருந்தால் எடை ஒரு பக்கம் குவிந்திருக்கிறது, இல்லையென்றால் ஒரு பக்கப் பட்டை தளர்ந்திருக்கிறது.

அப்புறம் பம்ப் ஸ்டாப் ரப்பர். சேசிஸிலிருந்து தொங்குகிற அந்தக் கறுப்பு ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் எத்தனை விரல் போகிறது என்று பாருங்கள். ரப்பரின் அடியில் பளபளவென்று தேய்ந்த வட்டம் தெரிந்தால் ஆக்சில் அதில் போய் முட்டிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம், ஸ்பீடு பிரேக்கரில் கேட்கிற தொம் அதுதான்.

பட்டைகள் அடுக்கிய கட்டைப் பாருங்கள். தனுஷ்கோடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று அடிக்கடி போய்வருகிற வண்டியில் பட்டைக்கும் பட்டைக்கும் இடையில் ஈரமணல் புகுந்து, அதன் விளிம்பில் செங்கல் நிறத்தில் துரு வழிந்து காய்ந்திருக்கும். விரலால் சுரண்டினால் பொருக்காக உதிரும். இந்தத் துரு அழகுப் பிரச்சினை இல்லை. பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தான் ஸ்பிரிங் வேலை செய்யும். துருப் பிடித்து ஒட்டிக்கொண்டால் சின்னச் சின்ன மேடுபள்ளத்துக்குக் கட்டு அசையவே அசையாது, எல்லா அதிர்வும் நேராக உள்ளே வரும். ஓட்டுகிறவர் ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது என்று நினைப்பார், ஆனால் அது கழற்றிச் சுத்தம் செய்தால் தீர்கிற விஷயம்.

பட்டைகளை நடுவில் கோர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட், கட்டை ஆக்சிலோடு இறுக்குகிற யு போல்ட் இரண்டையும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். சென்டர் போல்ட் உடைந்து யு போல்ட்டும் தளர்ந்தால் ஆக்சில் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும், அதன்பின் வண்டி எப்போதும் கோணலாகவே ஓடும். பின் டயர் தேயும், ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும், டீசலும் வீணாகும். சஸ்பென்ஷன் வேலை செய்ததால் மைலேஜ் கூடியது என்று நிஜமாகவே சொல்லக்கூடிய ஒரே இடம் எனக்குத் தெரிந்து இதுதான்.

டயர் காற்று

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். எடைமேடை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஆக்சில் எடைக்கு டயர் கம்பெனி சொல்கிற காற்றை, வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது நிரப்புங்கள். குறைவாக இருந்தால் டயர் சூடாகும், மைலேஜ் இறங்கும், பக்கக் காற்றில் ஆட்டம் கூடும். தேவைக்கு மேல் ஏற்றினால் மைலேஜ் ஒரு துளி ஏறலாம், ஆனால் உள்ளே உட்கார முடியாது, பிடிமானமும் குறையும். காற்றைச் சரிசெய்த பிறகே வண்டி கடினமா மென்மையா என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்க்க நல்ல இடங்கள்

தொண்டியிலிருந்து தேவிப்பட்டினம் வழியாக ராமநாதபுரம் வருகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் சின்னப் பாலங்கள் நிறைய. பாலத்தில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் ஒரு தடவை எழும்பி அமர்ந்துவிட்டால், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிற ஷாக் அப்சார்பர் நன்றாக இருக்கிறது. மறுபடி மறுபடி எழும்பினால் ஷாக் போய்விட்டது. இன்னொரு சோதனை: அரைமணி நேரம் ஓட்டி நிறுத்தியதும், சைலன்சரில் படாமல் கவனமாக ஒவ்வொரு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்கிற ஷாக் சூடாக இருக்கும். மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் ஆறிக்கிடந்தால் அது வேலை செய்யவில்லை.

பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகள் வேறு மாதிரி சோதனை. 1988இல் திறந்த அந்தப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஒவ்வொரு இணைப்பிலும் தடக் தடக்கென்று ஒரே சீராக அடிக்கும். சமையலறை அலமாரியில் எவர்சில்வர் பாத்திரங்களைத் துணி சுற்றாமல் வைத்து, ஒருவரைப் பின்னால் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். சஸ்பென்ஷன் வேலைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, இரண்டுக்கும் அதே வேகம். பாத்திரச் சத்தம் கூடியிருந்தால் காசு கொடுத்து வண்டியைக் கெடுத்திருக்கிறீர்கள்.

மூன்றாவது, ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை போகிற சாலை. தென்கிழக்காக நீள்கிற மணல் திட்டு, இரண்டு பக்கமும் கடல், தடுக்க ஒரு மரம் கிடையாது. ஆடி மாதத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று சரியாக வலப்பக்கத்தில் அடிக்கும். உயரக் கூரை வைத்த கேரவன் எவ்வளவு சாய்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். ஆனால் அடங்காத காற்றில் சோதனை என்று கிளம்ப வேண்டாம், மெதுவாகப் போங்கள், சாலையில் மணல் ஏறிக்கிடக்கும்.

எதைப் போடுவது

பட்டைக் கடைக்குப் போனால் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சு போகும்.

“அண்ணே, இன்னும் ரெண்டு பட்டை சேர்த்துருவோம். வண்டி கல்லு மாதிரி நிக்கும்.”

“கல்லு மாதிரி நின்னா உள்ளே படுக்கிறவன் கதி என்னப்பா?”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவரிடம் வருகிற வண்டிகள் பெரும்பாலும் மீனும் ஐஸும் ஏற்றுகிற வண்டிகள், மீன்பெட்டிக்கு இடுப்பு வலிக்காது. ஒரே தடிமன் பட்டை ஏழு இருக்கிற கட்டில் எட்டாவதைச் சேர்த்தால் கடினம் சுமார் ஏழில் ஒரு பங்கு கூடும். ஆனால் தடித்த பட்டையாக மாற்றினால் கணக்கே வேறு, தடிமன் 10 சதவீதம் கூடினால் அந்தப் பட்டையின் கடினம் 33 சதவீதம் ஏறும். அதனால் சேர்ப்பது எத்தனை என்பதோடு எவ்வளவு தடிமன் என்றும் கேளுங்கள். கேரவனுக்கு ஒரு பட்டைக்கு மேல் தேவைப்பட்டால் திரும்பவும் எடைமேடைக்குப் போவதே மேல். பழைய பட்டையையே அடித்து வளைவு ஏற்றித் தருகிறேன் என்பார்கள். கொஞ்ச காலம் நிற்கும், சுமை இறங்காத வண்டியில் மறுபடி அமுங்கிவிடும்.

என் வரிசை வேறு. ஷாக் போயிருந்தால் முதலில் ஷாக். இதுதான் குறைந்த செலவில் அதிகச் சொகுசு தருவது. அதோடு, ஸ்பிரிங்கைக் கடினமாக்கிவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டுவைத்தால் பின்பக்கம் எகிறி எகிறி விழும், எந்த மேம்பாடு செய்தாலும் ஷாக் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும்.

ஷாக்குக்குப் பிறகும் அமுங்கல் இருந்தால் இரண்டு வழி. ஒன்று, பம்ப் ஸ்டாப் இருக்கிற இடத்தில் போடுகிற பெரிய உள்ளீடற்ற ரப்பர் ஸ்பிரிங். காலியில் தொடாது, சுமை ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கும். ஓஸ் கிடையாது, கம்ப்ரஸர் கிடையாது, உப்புக்காற்று தின்பதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, அதனால் இந்தக் கரைக்கு எனக்குப் பிடித்தது இதுதான். இன்னொன்று ஏர் பேக். சுமைக்குத் தகுந்த மாதிரி காற்றைக் கூட்டிக் குறைக்கலாம், இடம் வலம் தனித்தனியாகச் சமன் செய்யலாம், சொகுசும் அதிகம். ஆனால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டு பைகளுக்கும் தனித்தனி குழாய் வேண்டும். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் அழுந்துகிற பையின் காற்று மறுபக்கத்துக்கு ஓடி, சாய்வைக் கூட்டும். பையைக் காற்றில்லாமல் ஓட்டக் கூடாது, மடிந்து கிழியும். சைலன்சர் குழாயின் சூடு படாத தூரத்தில் இருக்க வேண்டும், பிரேக் ஓஸில் உரசக் கூடாது. தனுஷ்கோடி போய் வந்தால் காற்றுப் பைக்கும் அது உட்காரும் தட்டுக்கும் நடுவில் சேர்ந்த மணலைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் உப்புத்தாள் மாதிரி ரப்பரை அறுத்துவிடும்.

சாய்வு மட்டும்தான் தொல்லை, அமுங்கல் இல்லை என்றால் ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம், பின் ஆக்சிலுக்கு ஆன்டி ரோல் பார் (இடம் வலம் சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கிற கம்பி) பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்குகிற ஸ்பீடு பிரேக்கரில் அது கடினத்தைக் கூட்டாது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் கொஞ்சம் உலுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் மாடலுக்குப் பாரபோலிக் பட்டை (நடுவில் தடித்து நுனி நோக்கி மெலிகிற பட்டை) கிடைத்தால் அதுவும் நல்ல தேர்வு, பட்டைகளுக்கு நடுவில் இடைவெளி இருப்பதால் உரசலும் குறைவு, துரு ஒட்டுவதும் குறைவு. எல்லா வண்டிக்கும் கிடைக்காது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், சிறையும் உண்டு. மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரமே இருக்கிறது. கட்டில், அடுப்பு வைத்து மாற்றுவதற்கே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், சஸ்பென்ஷனையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் கீழே குனிந்து பார்க்கிற நாளில் கேட்டுப் பலனில்லை.

பொருத்துகிற அன்று

யு போல்ட் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஒரு தடவை இழுத்து முறுக்கிய பழைய போல்ட்டைத் திரும்ப மாட்டுவது கடைக்காரருக்குச் சுலபம், உங்களுக்குத்தான் தலைவலி. வேலை முடிந்து சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பப் போய் டைட் பார்க்க வேண்டும், புதுப் பட்டை படிந்து அமரும்போது தளரும்.

இன்னொரு விஷயத்தைக் கடையில் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். சில வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு கம்பியோடு லோடு சென்சிங் வால்வு இருக்கும். பாடி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துச் சுமையைக் கணித்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடலாம் என்று அது முடிவுசெய்யும். நீங்கள் பட்டை சேர்த்துப் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் வண்டி காலி என்று நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழுச் சுமை, பாதிப் பிரேக். அந்தக் கம்பி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், இருந்தால் திரும்ப அட்ஜஸ்ட் செய்யாமல் கடையை விட்டு நகராதீர்கள்.

உயரம் மாறியதால் முன்பக்க அலைன்மென்ட்டும் ஹெட்லைட் உயரமும் திரும்பப் பார்க்க வேண்டும். நிறையத் தூக்கினால், பின் ஆக்சிலுக்கு எஞ்சின் விசையைக் கொண்டுபோகிற புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிர ஆரம்பிக்கும். கம்பெனி உயரத்துக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான் இலக்கு, அதற்கு மேல் ஒரு இஞ்ச் கூட வேண்டாம்.

மைலேஜை எப்படி அளப்பது

இத்தனைக்கும் பிறகு மைலேஜ் கூடியதா என்று பார்க்க ஆசை வரத்தான் செய்யும். பாருங்கள், ஆனால் ஒழுங்காக. ஒரே பங்க், ஒரே பம்பு, டேங்க் நிறைத்துக் கிளம்பி, போய்த் திரும்பி, மறுபடி நிறைத்துக் கணக்குப் போடுங்கள். திரும்பி வருவதுதான் முக்கியம். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி போகிற சாலை மொத்தத்தில் தென்மேற்காகப் போகிறது. ஆடியில் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நீங்கள் 70இல் போக, எதிரில் 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் வண்டிக்கு அது 90, தடை 65 சதவீதம் கூடுதல். அதே காற்று முதுகில் அடித்தால் தடை ஏறக்குறைய பாதியாகிவிடும். போகிற வழியில் ஒரு மைலேஜ், வருகிற வழியில் பட்டை மாற்றிவிட்டு இன்னொரு மைலேஜ் என்று ஒப்பிட்டால் எந்தக் கடைக்காரரின் பேச்சும் உண்மையாகத்தான் தெரியும்.

மைலேஜ் நிஜமாகவே வேண்டுமென்றால் 80இல் போகிற கேரவனை 65இல் ஓட்டுங்கள். காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கூரையில் கட்டியிருக்கிற காலி கேன், நாற்காலி, சைக்கிளை எல்லாம் இறக்குங்கள்.

அதன்பின் பராமரிப்பு

கடற்கரை போய் வந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவ வேண்டும். போர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடியுங்கள், கரித்தால் அதில் கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஒன்றுதான். பட்டைக் கட்டை வருடத்துக்கு ஒரு தடவை பிரித்துத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். பட்டை நுனியில் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பேட் இருக்கிற மாடல் என்றால் கிரீஸ் வேண்டாம், அந்தப் பேடைத்தான் மாற்ற வேண்டும். யு போல்ட் மரைகளுக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவிவைத்தால் அடுத்த தடவை கேஸ் கட்டிங் வைத்து அறுக்காமல் ஸ்பேனரிலேயே கழன்று வரும்.